மூணாவது சீட்டு

எங்க வீட்டுக்காரரு ப்ளேன்ல வேலை பாக்குறாருன்னு சொன்னா இலுப்பூர்ல எல்லாரும் கேக்குற மொதக் கேள்வி, "பைலட்டா?" இல்லைன்னா ரெண்டாவது கேள்வி, "அப்ப உள்ள காப்பி குடுக்குறாரா?" இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி ஆயுசு போச்சு. மெக்கானிக்குன்னு சொன்னா, "மெக்கானிக்குக்கு மேல என்ன சோலி, கீழதான வேலை?"ம்பாங்க. பறக்கும்போதே எஞ்சினைப் பாத்துக்கிறவருன்னு சொன்னா, "றெக்கையில ஏறி நின்னுக்கிட்டா?"ன்னு விழுந்து விழுந்து சிரிப்பாங்க. கடைசியில நான், "ஆமா, காப்பிதான் குடுக்குறாரு, ஒங்களுக்கும் ஒரு டம்ளர் கொண்டாரச் சொல்லவா?"ன்னு கேட்டுட்டு நடையைக் கட்டிருவேன்.

எங்களுக்கு நாப்பத்தெட்டுல கல்யாணம். உலகச் சண்டை நடந்த காலத்துல பட்டாளத்து விமானங்களுக்குத் தரையில நின்னு ரிப்பேர் பாத்தவரு அவரு. சண்டை முடிஞ்சதும் பம்பாயில ஒரு கம்பெனியில சேந்தாரு. நாலு எஞ்சின் வச்ச பெரிய ப்ளேனுங்க அப்பத்தான் வந்திருந்துச்சு. அந்த நாலையும் பறக்கும்போதே பாத்துக்க ஒரு ஆளு வேணும்னு இவரைத் தூக்கி உள்ள ஒக்கார வச்சாங்க. ஃப்ளைட் எஞ்சினியர்னு பேரு. என்னை பம்பாய்க்குக் கூட்டிட்டுப் போகல. "மாசத்துல இருவது நாளு நான் ஊருல இருக்க மாட்டேன், அந்த ஒத்த ரூம்ல நீ என்ன பண்ணுவ?"ன்னாரு. நியாயந்தான். இங்க கடலைக்காடு இருந்துச்சு, பிறகு ஒரு மகளும் வந்தா. ரெண்டையும் நான் பாத்துக்கிட்டேன். வருசத்துக்கு மூணு தடவை புதுக்கோட்டை ஸ்டேசன்ல எறங்கி, பஸ்ஸைப் புடிச்சு, ஒரு தோல்பையோட வந்து நிப்பாரு.

மொத வருசம் வந்தப்ப, "நீங்க எங்கதான் ஒக்காருவீங்க?"ன்னு கேட்டேன். அடுப்படியில கெடந்த ஏனத்தையெல்லாம் எடுத்துத் தரையில பரப்புனாரு. முன்னாடி ரெண்டு டம்ளர், பைலட்டுங்க ரெண்டு பேரு. இங்கிட்டு ஒரு கிண்ணம், ரேடியோக்காரரு. தரையில இருக்கவங்களோட பேசுறது அவரு வேலை. அங்கிட்டு ஒரு கரண்டி, வழி பாக்குறவரு. வெயிலையும் நட்சத்திரத்தையும் வச்சு எங்க இருக்கோம்னு கணக்குப் போட்டுச் சொல்லுவாரு. டம்ளருக்குப் பின்னாடி ஒரு சொம்பை வச்சு, அதைச் சுவத்துப் பக்கமாத் திருப்புனாரு. சொம்புக்கு ஏது மொகம்னு கேட்டேன். "மூக்கு வச்ச சொம்புன்னு நெனைச்சுக்க. அதுதான் நான். என் முன்னால சுவரு பூராவும் முள்ளு ஆடுற டயலு. எண்ணெய் எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்த டாங்குல பெட்ரோல் எவ்வளவு, எல்லாம் என் பொறுப்பு. முன்னாடி இருக்கவங்க வெளிய பாப்பாங்க, நான் ப்ளேனைப் பாப்பேன்."

"அப்ப ஒங்களுக்கு ஆகாசமே தெரியாதா?"

"எனக்கெதுக்குடி ஆகாசம்?"ன்னாரு. அந்தப் பெருமையை நான் இன்னைக்கு வரைக்கும் வேற ஒருத்தர் மொகத்துல பாத்ததில்ல.

அவரு வருசா வருசம் சொல்ற கதை ஒண்ணு உண்டு. கடலுக்கு மேல போய்க்கிட்டிருக்கும்போது டயல்ல எல்லா முள்ளும் ஒழுங்கா இருந்துச்சாம். ஆனா உள்ளங்காலுல அதிர்வு மாறுதுன்னு இவருக்குத் தோணுச்சாம். மூணாம் நம்பர் எஞ்சினு சரியில்லைன்னு கேப்டன்கிட்டச் சொன்னாராம். அவரு டயலைப் பாத்தாரு, இவரைப் பாத்தாரு, மறுவார்த்தை பேசாம அந்த எஞ்சினை நிறுத்தச் சொல்லி ப்ளேனைத் திருப்பிட்டாராம். கீழ எறக்கிப் பிரிச்சுப் பாத்தா உள்ள ஒரு தண்டு பாதி விண்டு போயிருந்துச்சாம். "எஞ்சினு எங்கிட்டக் காலு வழியாப் பேசும்"பாரு. எங்க மக அதைக் கேட்டுட்டு, தரையில கால ஊண்டி நின்னுக்கிட்டு, "அப்பா, பூமி எங்கிட்டப் பேசலையே"ன்னு கேப்பா.

இவ்வளவு நல்லவரோட எனக்கு என்ன சண்டைன்னா, நான் கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. வந்தா ரெண்டு நாளு செத்த பொணமாட்டம் தூக்கம். எந்திரிச்ச பிறகாவது பேசுவாருன்னு பாத்தா, "சாப்பிட வாங்க"ன்னு நாலு தரம் கத்துனா ஒரு தரம் தலையைத் தூக்குவாரு. மாடு அவுத்துக்கிட்டு ஓடுதுன்னு கொல்லையில நின்னு தொண்டை கிழியக் கத்துறேன், மனுசன் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்காரு. பம்பாய்க்காரராகிட்டாரு, நம்ம பேச்சு அவருக்கு எளக்காரமாப் போச்சுன்னு எனக்கு ஆங்காரம். "சொவத்துக்கிட்டப் பேசுனாலும் எதிரொலியாச்சும் வரும்"னு மொகத்துக்கு நேராவே சொல்லிருக்கேன். அதுக்குச் சிரிச்சாரு. அப்புறம் நானே கொஞ்சங் கொஞ்சமாப் பேச்சைக் கொறைச்சுக்கிட்டேன். அலுத்துப் போச்சு. புருசன் வாரதும் போறதும் பஸ்ஸு வாரதும் போறதும் மாதிரி ஆயிருச்சு.

ஐம்பத்தஞ்சு ஐம்பத்தாறுக்கு மேல அவரு சொல்ற சேதியெல்லாம் மாற ஆரம்பிச்சுச்சு. மொதல்ல ரேடியோக்காரரை எடுத்துட்டாங்களாம். நல்ல ரேடியோ வந்துருச்சு, இனிமே பைலட்டே பேசிக்குவாருன்னு. அந்த மனுசன் மெட்ராஸ்ல ரேடியோ ரிப்பேருக் கடை போட்டுட்டாரு. அடுத்து வழி பாக்குறவரு. அதுக்கும் ஏதோ மெசின் வந்துருச்சாம். "அஞ்சு பேரு மூணு பேராயிட்டோம்"னு ஒரு தடவை வந்தப்ப சொன்னாரு. அவரு மொகத்தைப் பாத்து, "அடுத்தது யாரு?"ன்னு நான் கேக்கல. கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

பிறகு ஜெட்டு வந்துச்சு. முன்னாடி சுத்துற காத்தாடி கெடையாது, எண்ணெய் வழியாது, அடிக்கடி கெட்டுப் போகாது. ஊரே ஜெட்டைப் பத்திப் பெருமையாப் பேசுச்சு, இவரு மட்டும் வாயத் தொறக்கல. ஒருநா கொல்லையில ஒக்காந்து பல்லு வெளக்கும்போது தானாச் சொன்னாரு: "இதுல காலுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. மெத்தையில நிக்கிற மாதிரி இருக்கு." நான், "சொகமாத்தான இருக்கும்?"ன்னேன். வாயக் கொப்புளிச்சுட்டு உள்ள போயிட்டாரு.

அறுபதுக்கு மேல, எந்த வருசம்னு சட்டுன்னு வரல, கம்பெனிக் காயிதம் ஒண்ணோட வந்தாரு. மூணாவது சீட்டுல இனிமே வெறும் மெக்கானிக்கு ஒக்காரக் கூடாது. பைலட்டு எழுதுற நாலு பரீட்சையையும் எழுதிப் பாஸ் பண்ணணும். காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு, தரையிலேர்ந்து வார பேச்சை அவரும் கேட்டு, பைலட்டு தப்பாக் கேட்டுருந்தாத் திருத்தணும். முடியலைன்னா பைலட்டுப் படிப்பு முடிச்சுட்டு வேலைக்குக் காத்துக்கெடக்குற சின்னப் பயலுக ஒருத்தன் அந்த எடத்துல ஒக்காருவான். இவருக்கு அப்ப நாப்பத்திரண்டு வயசு. பதினாலு வருசம் ஒக்காந்த சீட்டு. ஒன்றரை மாசம் லீவு போட்டுட்டு ஒரு டிரங்குப் பெட்டி நெறையாப் பொஸ்தகத்தோட வந்து எறங்கிட்டாரு.

மழை எப்படிப் பெய்யுது, மேகம் எத்தனை வகை, ஆகாசத்துல யாரு யாருக்கு வழி விடணும்னு சட்டம், எல்லாம் படிச்சாரு. தலையில ஈரத்துண்டைக் கட்டிக்கிட்டுப் படிச்சாரு. பாக்கப் பாவமா இருந்துச்சு. எழுதுற பரீட்சையோட கூட, ப்ளேன்ல செய்யிற ஒரு பரீட்சையும் உண்டு. அங்க ஒரு வழக்கம்: கெளம்புறதுக்கு முன்னாடி ஒருத்தர் தாளைப் பாத்து ஒவ்வொரு வரியா வாசிப்பாரு. மத்தவரு அந்தச் சாமானைக் கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் பதில் சொல்லணும். ஆயிரம் தரம் செஞ்சு மனப்பாடமா இருந்தாலும் வாசிக்கணும், கேட்டுட்டுத்தான் சொல்லணும். கேக்காம முந்திக்கிட்டுப் பதில் சொன்னா அது குத்தம்.

அதுக்கு வாசிக்க ஆளு நான். எட்டாவது வரைக்கும் படிச்சவ, இங்கிலீசை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். உள் ரூம்புச் சுவத்துல அடுப்புக்கரியால டயல், சுவிட்சு எல்லாத்தையும் வட்டம் வட்டமா வரைஞ்சு வச்சாரு. போன பொங்கலுக்கு நான் ஏணி போட்டு அடிச்ச வெள்ளை! "நாசமாப் போச்சு என் சொவரு"ன்னேன். அந்தச் சுவத்தைப் பாத்து ஒரு பெட்டி மேல ஒக்காருவாரு. நான் பின்னாடி பாயில ஒக்காந்து வாசிப்பேன். "ஃப்யூயல் பம்ப்." அவரு ஒரு வட்டத்தைத் தொட்டு, "ஆன்!" "ஜெனரேட்டர்." இன்னொரு வட்டத்தைத் தொட்டு, "ஆன்!" "ஹைட்ராலிக் பிரஷர்." "நார்மல்!" ஒரு நாளைக்குப் பத்துத் தரம். எங்க மக பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து வாசல்ல செருப்பை விடும்போதே "ஆன்!"னு கத்திக்கிட்டுத்தான் உள்ள வருவா. பதினாலு வருசத்துல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து அவ்வளவு நேரம் வாயத் தொறந்தது அப்பத்தான். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். அதையும் சொல்லிர்றேன்.

பத்துப் பன்னண்டு நாளு போயிருக்கும். அன்னைக்கு ஒலையில அரிசி கொதிக்குது, நான் ஒரு காதை அடுப்படியில வச்சுக்கிட்டு வாசிக்கிறேன். கட்டைவிரல் பட்டு ரெண்டு வரியைத் தாவிட்டேன் போல. நான் "கேபின் பிரஷர்"னு வாசிச்சேன். அவரு ஜெனரேட்டரைத் தொட்டு "ஆன்!"னாரு. அடுத்த வரிக்கு ஹைட்ராலிக்கைத் தொட்டு "நார்மல்!"னாரு. நாந்தான் தப்பா வாசிச்சுட்டேனாக்கும்னு தாளைத் திரும்பப் பாத்தேன். இல்ல. நான் தாவுன வரிக்கு அவரு தாவாமப் பதில் சொல்லிக்கிட்டிருக்காரு.

மறுநா எனக்கு ஒரு குறும்பு. மனுசன் நான் வாசிக்கிறதைச் சட்டை பண்ணாம கடகடன்னு ஒப்பிக்கிறாரு, ஒரு கை பாத்துருவோம்னு. அதே ராகத்துல, அதே சத்தத்துல, "கத்திரிக்கா முத்தலு"ன்னேன்.

"ஆன்!"னாரு, வட்டத்தைத் தொட்டு.

சிரிப்பை அடக்கிக்கிட்டு, "ஒங்க தலையில இடி விழ"ன்னேன்.

"நார்மல்!"

வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இருக்கும்போதுதான் எனக்கு வெளங்குச்சு. சட்டை பண்ணாதவரு இல்ல இவரு. அவருக்கு வார்த்தை கேக்கவே இல்ல. பின்னாடி ஒரு சத்தம் வந்து நிக்குதுங்கிறது மட்டும் தெரியுது. சத்தம் நின்னதும் அடுத்த வரிக்குப் பதில் சொல்றாரு. வரிசை தப்பாது, அதனால பதிலும் தப்பாது. சாப்பிட வாங்கன்னு நான் கத்துனது, மாடு ஓடுனது, சொவத்துக்கிட்டப் பேசுனாலும்னு நான் ஏசுனது, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா ஞாபகம் வந்துச்சு. தாளைப் பூராவும் ஒழுங்கா வாசிச்சு முடிச்சுட்டு, எந்திரிச்சுப் போயி அடுப்படியில ஒக்காந்து அழுதேன். அவரு இன்னொரு தரம் வாசிக்கலாமான்னு உள்ளேர்ந்து கேட்டாரு.

ரெண்டு நாளு பொறுத்தேன். அதுக்கு மேல என்னால ஆகல. மக பள்ளிக்கூடம் போன பிறகு, அவரு முன்னாடி போயி நின்னு கேட்டேன்.

"ஏங்க, ஒங்களுக்குக் காது கேக்குதா?"

"கேக்காமத்தான் ஒனக்குப் பதில் சொல்றேனா? போடி, சோலியப் பாரு."

"என் வாயைப் பாத்துச் சொல்றீங்க." முந்தானையை எடுத்து வாயை மறைச்சுக்கிட்டு, "இப்ப நான் என்ன சொல்றேன், சொல்லுங்க"ன்னேன்.

அவரு என் கண்ணைப் பாத்தாரு. முந்தானையைப் பாத்தாரு. கையில இருந்த பொஸ்தகத்தைத் தூக்கிச் சுவத்துல அடிச்சாரு. கரி வட்டத்துல பட்டு விழுந்துச்சு. "என்னைச் சோதிக்கிறியா? நீ என்ன டாக்டரா?"ன்னு கத்துனாரு. நானும் கத்துனேன். அக்கம்பக்கத்துல கேக்குமேன்னு எனக்குத்தான் பயம், அவருக்கு அந்தக் கவலையே இல்ல. அப்புறம் பொத்துன்னு பெட்டி மேல ஒக்காந்துட்டாரு.

ஏழு வருசமாச்சாம். நாலு எஞ்சினும் பக்கத்துலயே வருசக்கணக்கா ஊளையிட்டா காது என்னத்துக்கு ஆகும்? சத்தம் வரும், வார்த்தை பிரியாதாம். பழைய ப்ளேன்ல அது ஒரு கொறையே இல்லையாம். அந்த எரைச்சல்ல யாருக்குமே கேக்காது, எல்லாரும் கையைக் காட்டித்தான் பேசிக்குவாங்க. வருசா வருசம் டாக்டர் சோதிப்பாரு. பின்னாடி நின்னு மெதுவா நம்பர் சொல்லுவாரு, இவரு திருப்பிச் சொல்லணும். எதிர்ல மருந்து பீரோ. அதோட கண்ணாடியில டாக்டரு வாயி தெரியும். அதைப் பாத்தே ஏழு வருசத்தை ஓட்டிட்டாரு. இப்ப ஜெட்டுல எரைச்சல் இல்ல. ஆளாளுக்கு மெதுவாப் பேசுறாங்க. ஹெட்போனுக்கு வாயி கெடையாது.

"பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிட்டேன்னா போதும். மத்ததை நான் பாத்துக்குவேன்"னாரு.

"என்னத்தைப் பாத்துக்குவீங்க? கத்திரிக்கா முத்தலுன்னேன், ஆன்னுட்டுத் தொட்டீங்க."

"நெசமாவா?"

"நெசமா. ஒங்க தலையில இடி விழன்னேன். நார்மல்னீங்க."

சிரிச்சாரு. அவரால அடக்க முடியல, எனக்கும் முடியல, ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிப்பு நின்ன பிறகு அவரு கீழ கெடந்த பொஸ்தகத்தை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு.

"நூறு பேரை ஏத்திக்கிட்டுப் போறீங்க"ன்னேன். "எறங்கச் சொல்றதை ஏறச் சொல்றதா நெனைச்சு நீங்க தலையாட்டுனா? அவங்களுக்கும் வீடு இருக்கு, என்னைய மாதிரி ஒருத்தி ஒலை வச்சுட்டு ஒக்காந்திருப்பா. இந்த வேலை வேண்டாம்னு நீங்க எழுதலைன்னா கம்பெனிக்கு நானே எழுதிப் போடுவேன். எட்டாவது படிச்ச இங்கிலீசு அதுக்குப் போதும்."

"எழுது"ன்னாரு.

மூணு நாளு நாங்க தாளை எடுத்து வாசிக்கல. எங்க மக, "ஏம்மா, ப்ளேனு கெட்டுப் போச்சா?"ன்னு கேட்டா. நான் எழுதல. மெரட்டுனேனே தவிர, எழுத எனக்குக் கை வரல. அதுதான் நெசம். நாலாம் நாளு அவரே பேனாவை எடுத்தாரு. சொந்தக் காரணத்தால பரீட்சை எழுதலை, பறக்குற வேலை வேண்டாம், தரையில எஞ்சின் பிரிச்சுக் கட்டுற ஷெட்டுல எடம் குடுத்தாப் போதும்னு எழுதி, ஒட்டி, எங்கிட்டக் குடுத்தாரு. போஸ்ட் ஆபீசுக்குப் போயி நான்தான் போட்டேன். போட்ட பிறகு பெட்டிக்குள்ள கைய விட்டு எடுத்துரலாமான்னு இருந்துச்சு.

பம்பாய்க்குக் கெளம்புறதுக்கு மொத நா எங்கிட்ட ஒண்ணு கேட்டாரு. "யாரு கேட்டாலும் பரீட்சையில ஃபெயிலாயிட்டேன்னு சொல்லு. காதுன்னு மட்டும் சொல்லிறாத."

"ஃபெயிலுன்னா கேவலம் இல்லையாக்கும்?"

"ஃபெயிலுன்னா ஒரு வருசம் பேசுவானுங்க. காதுன்னா செவிடன் வீடுன்னு பேரு வச்சுருவானுங்க. நாளைக்கு மகளைப் பொண்ணு பாக்க வாரவனும் அந்தப் பேரைக் கேட்டுத்தான் வழி விசாரிப்பான்."

எங்க ஊரைத் தெரிஞ்சவங்களுக்கு இது தெரியும். ஒரு தடவை ஒட்டுன பேரு மூணு தலைமொறைக்குப் போகாது. நொண்டி வீடு, திக்குவாயன் வீடுன்னு தெருவுக்கு ரெண்டு இருந்துச்சு. சரின்னு தலையாட்டுனேன். கரி வட்டத்து மேல அன்னைக்கே வெள்ளை அடிச்சேன். மூணு பூச்சு பூசியும் லேசாத் தெரிஞ்சுச்சு.

அதுக்கப்புறம் கேட்டவங்களுக்கெல்லாம், "ஆமாங்க, பரீட்சையில போயிருச்சு"ன்னு சொன்னேன். கோவக்காரிதான் நான். அந்த மேகம் எத்தனை வகைன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு அந்த மனுசன். அவரை மக்குன்னு ஊரு சொல்லும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

ஒரு வருசம் கழிச்சு எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். அவரு லீவுல வந்திருந்தாரு. பந்தியில எலை போட்டு ஒக்காந்தோம், அவருக்குப் பக்கத்துல நான். அவரு முதுகுக்குப் பின்னாடி, எனக்குப் பெரியப்பா மொறை ஆகுற ஒருத்தரு நாலு பேரைச் சேத்து வச்சுக்கிட்டு, ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னாரு. "நம்ம மாப்ளை ஆகாசத்துல பறந்த ஆளுப்பா! பொண்டாட்டி ஒக்காந்து பாடம் சொல்லிக்குடுத்தும் முட்டை வாங்கிட்டு வந்து, இப்ப எண்ணெய் தொடைக்கிறாரு." எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. திரும்பி நாலு வார்த்தை கேக்கணும்னு வாயத் தொறந்தேன்.

அவரு என் மொகத்தைப் பாத்துட்டாரு. "என்ன, பின்னாடி ஏதோ சத்தம்? பெரியப்பா என்ன சொல்றாரு?"ன்னு மெல்ல எங்கிட்டக் கேட்டாரு. கேக்காததுக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னு அவரைக் கீழ எறக்குனவ நான்தான். அந்தக் கேக்காத காதை வச்சு அன்னைக்கு நான் பொய் சொன்னேன்.

"ரசம் நல்லா வாய்ச்சிருக்குன்னு சொல்றாரு."

"ஆமா, நல்லாத்தான் இருக்கு"ன்னு தலையாட்டிட்டு, பரிமாறுறவரைக் கூப்பிட்டு இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தச் சொன்னாரு.